எங்க ஊர் கிளை நூலகத்துல மாசம் ஒரு படம் போடலாம்னு இருக்கோம். எல்லார் கையிலயும் போன் இருக்கு, யாராவது வருவாங்களா? எப்படி ஆரம்பிக்கிறது?

வருவாங்க. நான் திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவுல ஒரு ஆத்தங்கரை ஊர்க்காரி, எங்க நூலகத்து வாசகர் வட்டத்துல இருக்கேன், கொஞ்ச வருஷமாவே மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம் போட்டுட்டு வாரோம், அந்த அனுபவத்துலதான் சொல்லுதேன். உங்க கேள்வில அந்த போன் சந்தேகம் இருக்கு பாருங்க, அதுக்கு முதல்ல பதில் சொல்லிருதேன்.

படத்துக்காக வர்றவங்க பாதிதான். மீதிப் பேரு சேந்து உக்காரத்தான் வாராங்க. நம்ம பக்கம் ஊர்கள்ல எல்லாரும் சேந்து உக்கார எடம் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. கோயில் கொடை, அதாவது திருவிழான்னா, அது ஒரு தெருவோட கொடை. நான் சின்னப்பிள்ளையா இருக்கையில கொடைக்கு வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் போடுவாங்க, அந்தத் தெருக்காரங்க முன்னால பாய் விரிச்சு உக்காந்திருப்பாங்க, அடுத்த தெருப் பிள்ளைங்க பின்னால நின்னு எட்டிப் பாக்கும், சில தெருக்காரங்க அந்தப் பக்கமே வரமாட்டாங்க. மண்டபம் ஒரு சமுதாயத்தோடது, டீக்கடை பெஞ்சு ஆம்பளைங்களோடது, ரேஷன் கடைல நிக்கத்தான் முடியும். நூலகம் ஒண்ணுதான் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத கட்டடம். உங்க வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, அதுல நூலக வரின்னு தனியா ஒரு தொகை இருக்கும், வீட்டு வரில ரூபாய்க்கு பத்து பைசா, 1948ல வந்த பொது நூலகச் சட்டப்படி வாங்குற வரி. ஓட்டு வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் கட்டுன காசு அது, அதனால அந்த வாசல்ல நின்னு "நீ யாரு, எந்தத் தெரு"ன்னு கேக்க ஒருத்தருக்கும் உரிமை கிடையாது.

ஆனா சட்டத்துல இருந்தா மட்டும் போதாதுல்லா, ஆளுங்க உள்ள வந்து உக்காந்து பழகணும். எங்க ஊர்ல பேப்பர் படிக்க வர்ற பெரியவங்க, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பசங்க, இவங்களத் தவிர மத்தவங்க அந்தப் படி ஏறினதே இல்ல. பொம்பளைங்க சுத்தமா கிடையாது. படம் போட ஆரம்பிச்ச பொறவுதான் அது மாறுச்சு, நான் இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கிறதுக்குக் காரணமே அதுதான்.

எங்க பக்கம் பாதி வீட்டுல பீடி சுத்துற வேலை. எங்க அம்மையும் சுத்துனவதான். அன்னன்னைக்கு எண்ணிக்கை முடிச்சாத்தான் கடைல கொண்டு போய்க் கொடுக்க முடியும், ரெண்டு மணி நேரம் கைய சும்மா வச்சுட்டு உக்காருங்கன்னு அவங்ககிட்ட சொன்னா எப்படி வருவாங்க. ஒரு அக்கா வாசல்ல நின்னு, "ஏ தாயி, பீடித் தட்டக் கொண்டாந்து வச்சுக்கிட்டு பாக்கலாமா, அங்கன யாரும் ஏசமாட்டாவளே"ன்னு கேட்டாங்க. உள்ள புஸ்தகம் இருக்கு, சின்னப் பிள்ளைங்க இருக்கு, புகையிலைத் தூசி ஆகாது. நூலகர் அக்காதான் வழி சொன்னாங்க, முன் வராந்தாவுல பாய் போட்டு, ரெண்டு சன்னலையும் தொறந்து வச்சு, அங்க ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சாச்சு. இப்ப அந்த வராந்தாதான் முதல்ல நிறையுது. வேலை இல்லாத நாள்ல அவங்களே உள்ள வந்து உக்காருதாங்க, அதுல சில பேரு உறுப்பினர் கார்டு போட்டு பிள்ளைங்களுக்குப் புஸ்தகம் எடுத்துட்டுப் போறாங்க.

இனி எப்படி ஆரம்பிக்கிறதுன்னு பாப்போம். நூலகர் ஒத்துக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க, அவங்க தனியா முடிவெடுக்க முடியாது. வாசகர் வட்டம் பேர்ல ஒரு கடிதம் எழுதி அவங்க வழியா மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்க, என்ன படம், எந்த நேரம், கட்டணம் கிடையாது, கட்சிக்காரங்க பேனர் கிடையாதுன்னு தெளிவா எழுதுங்க. வாசகர் வட்டமே இல்லைன்னா முதல்ல அத அமைங்க. கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, ரெண்டாவது சனிக்கிழமையும் லீவு, அந்த நாள்ல போட்டு அவங்க ஓய்வக் கெடுக்காதீங்க. நிறைய எடத்துல ஒரே ஒரு நூலகர்தான், அவங்களும் வேற ஊர்லேருந்து பஸ்ல வந்து போறவங்களா இருப்பாங்க, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு அதுக்கேத்த நீளத்துல படத்த எடுங்க. மூணு மணி நேரப் படத்தப் போட்டு அவங்கள இருட்டுல பஸ் ஸ்டாப்புல நிக்க வைக்கிறது நியாயமில்ல.

படத்தோட உரிமை விஷயம் கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா நிறைய பேரு "இலவசமாத்தானே போடுறோம், யாரு கேக்கப்போறா"ன்னு இருக்காங்க. டிக்கெட் போடலைன்னாலும் பொது இடத்துல காட்டினா அது பொதுத் திரையிடல்தான். 1957 காப்புரிமைச் சட்டத்துல பள்ளிக்கூடம், கல்லூரிக்கு ஒரு விலக்கு இருக்கு, அங்க பாக்குறது மாணவர், ஆசிரியர், பெத்தவங்கன்னு இருந்தா தப்பில்ல. 2022லேருந்து அரசுப் பள்ளிகள்ல சிறார் படங்கள் போடுறாங்கல்லா, அது அந்த வகை. ஊர் முழுக்க வரலாம்னு சொல்ற பொது நூலகம் அந்த விலக்குக்குள்ள வராது. ஓடிடி சந்தா கட்டியிருக்கேன்னா அது வீட்டுல பாக்க மட்டுந்தான், யூடியூப்ல கிடக்குதுன்னா ஹால்ல போடலாம்னு அர்த்தம் இல்ல. ஒரு படத்தோட காப்புரிமை, அது வெளியான வருஷம் முடிஞ்சதுலேருந்து 60 வருஷம், அப்போ 1964ல வந்த படத்துக்கு 2024 டிசம்பரோட முடிஞ்சுருச்சு. அதுலயும் ஒண்ணு இருக்கு, பாட்டெழுதினவர், இசையமைச்சவர் உரிமை அவங்க இறந்து 60 வருஷம் வரைக்கும் தனியா ஓடும், கண்ணதாசன் தவறினது 1981, கணக்குப் போட்டுக்கோங்க.

அதனால எங்க வழி சுருக்கமானது, எடுத்தவங்ககிட்டயே கேட்டுருவோம். குறும்படம், ஆவணப்படம் எடுக்குற நம்ம பசங்க எத்தனை பேரு இருக்காங்க, படத்த எடுத்துட்டு காட்ட எடமில்லாம வச்சிருக்காங்க, நூலகத்துல போடுறோம், ஒரு வரி அனுமதி எழுதித் தாங்கன்னா சந்தோஷமா தருவாங்க, பாதிப் பேரு நேர்ல வந்துருவாங்க. சினிமாவா வெளியான படம்னா தயாரிப்பாளர்கிட்ட எழுத்துல வாங்குங்க, தணிக்கைச் சான்றிதழையும் பாருங்க, 2023ல வந்த திருத்தத்துல பெத்தவங்க துணையோட பிள்ளைங்க பாக்கலாம்ங்கிற யுஏ-வ 7, 13, 16னு வயசு வாரியா பிரிச்சிருக்காங்க, பிள்ளைங்க வர்ற எடத்துக்கு அது ரொம்ப உதவும்.

இந்தச் சீமைக்கு இது புது வேலை ஒண்ணும் இல்ல. காஞ்சனை திரைப்பட இயக்கம்னு திருநெல்வேலில இருந்துச்சு, அத நடத்துன ஆர்.ஆர்.சீனிவாசன்தான் 1999 ஜூலை 23 அன்னைக்கு மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்துல 17 பேரு தாமிரபரணில செத்தாங்களே, அதப் பத்தி ஆவணப்படம் எடுத்தவர். ஒரு ஊர் தன்னோட கதையத் தானே திரையில பாக்கணும்ங்கிற எண்ணம் இங்க ரொம்ப நாளா இருக்கு.

அதுலேருந்துதான் எங்களுக்கும் யோசனை வந்துச்சு. 2023 டிசம்பர் 17, 18 மழைல ஆறு பொங்கி வந்துச்சுல்லா, அப்ப ஊர்ல ஆளாளுக்கு போன்ல வீடியோ எடுத்து வச்சிருந்தாங்க. அதையெல்லாம் அவங்கவங்ககிட்ட கேட்டு வாங்கி, காலேஜ் படிக்கிற ஒரு தம்பி மணி வாரியா கோத்து அரை மணி நேரமா ஆக்கித் தந்தான். எடுத்தவங்க எல்லாரும் ஊர்க்காரங்க, அவங்க சம்மதம் போதும். அன்னைக்கு மாதிரி கூட்டம் எந்தப் படத்துக்கும் வந்ததில்ல, ரோடு வரைக்கும் நின்னாங்க. கீழத்தெருவுல இடுப்பளவு தண்ணில கட்டில் மேல கட்டில் போட்டு ஒரு பாட்டிய உக்கார வச்சிருந்தது திரைல வந்தப்ப மேலத்தெருக்காரங்க அப்படியே அமைதியாயிட்டாங்க, நடுவுல ரெண்டே தெரு, அங்க இந்தக் கெதியில இருந்தாங்கன்னு அவங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியுது. ஒரு அண்ணாச்சி எந்திரிச்சு, "எங்க மாடி சும்மாதான கெடந்துச்சு, ஒரு சத்தம் குடுத்திருக்கப்படாதா"ன்னாரு. அந்தப் பக்கத்துலேருந்து ஒரு அம்மா, "கூப்பிட்டா வந்திருப்பியளா"ன்னு நேரடியா கேட்டுட்டாங்க. அதுக்கு அவரால ஒண்ணும் சொல்ல முடியல, ஆனா கேள்வி எல்லார் முன்னாலயும் கேட்டாச்சு. பொறவு வயசானவங்க 1992 வெள்ளத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சு, தண்ணி எது வரைக்கும் ஏறுச்சு, யாரு வீட்டுல சோறு பொங்குனாங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்ல ரெண்டு பிள்ளைங்க நோட்டுல எழுதுச்சு, அந்த நோட்டு இப்ப நூலகத்துல இருக்கு. இந்த மாதிரி பேச்சு ஒரு தெருக் கொடையிலயோ மண்டபத்துலயோ நடக்குமான்னா நடக்காது.

சாமான் விஷயம் பெருசா ஒண்ணுமில்ல. ப்ரொஜெக்டர் புதுசா வாங்காதீங்க, குறைஞ்ச விலைல ஆன்லைன்ல வர்றது பெட்டில போட்டிருக்கிற வெளிச்சம் தராது, பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயோ கல்லூரிலயோ எழுதிக் கொடுத்து கேட்டு வாங்குங்க. திரைக்கு வெள்ளைச் சுவரு போதும், இல்லைன்னா ரெட்டை வேட்டிய சுருக்கமில்லாம இழுத்துக் கட்டுங்க. சத்தத்துலதான் கவனம் வேணும், நூலகக் கட்டடம் காங்கிரீட் கூரை, எதிரொலி அடிக்கும், ரேடியோ செட் அண்ணாச்சிகிட்ட சொன்னா அவரு கொடைக்கு வைக்கிற பெரிய பாக்ஸத் தூக்கிட்டு வருவாரு, வேண்டாம், சின்னதா ரெண்டு, காது மட்டத்துல. புஸ்தக அலமாரிய நகத்தாதீங்க. சுக்குக் காப்பி, அவிச்ச கடலை எல்லாம் வெளியிலதான்.

வேற மொழிப் படம் போட்டீங்கன்னா அடில ஓடுற எழுத்த வேகமா வாசிக்க எல்லாராலயும் முடியாது, அதுவும் இங்கிலீஷ்ல ஓடுனா சொல்லவே வேண்டாம். எங்க ஊர்ல ஒரு ரிட்டயர்டு டீச்சர் முன்னாடியே படத்தப் பாத்துட்டு வந்து மைக்குல தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவாங்க, ஆம்பளைக் குரல் பொம்பளைக் குரல் மாத்தி மாத்தி, பிள்ளைங்களுக்கு அது ரொம்பப் பிடிக்குது. சாப்ளினோட ஆரம்பகால ஊமைப் படங்கள் நூறு வருஷத்துக்கு முந்தினது, ஆனா பின்னால சேத்த இசைக்கு தனி உரிமை இருக்கலாம்னு சத்தத்த அணைச்சுட்டு அதே டீச்சர் ஹார்மோனியம் வாசிச்சாங்க. எண்பது வயசுத் தாத்தாவும் ரெண்டாங்கிளாஸ் பிள்ளையும் ஒரே எடத்துல சிரிச்சாங்க.

படம் முடிஞ்சதும் பேசுறதுக்கு கண்டிப்பா நேரம் வைங்க, அரை மணி நேரமாவது. "படம் எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க, "நல்லாருந்துச்சு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுருவாங்க. படத்துல ஒரு ஆள் செஞ்ச காரியத்தச் சொல்லி அது சரியான்னு கேளுங்க, சண்டை போட்டுப் பேசுவாங்க. பிள்ளைங்களுக்கு முதல்ல மைக் கொடுங்க, அடுத்து பொம்பளைங்களுக்கு. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, மேடை இதெல்லாம் ஒரு தடவை உள்ள வந்துருச்சுன்னா அப்புறம் முன் வரிசை நாற்காலி யாருக்குன்னு பேச்சு வரும், தெருப் பிரிவினை அந்த வழியாவே நுழைஞ்சுரும். நாங்க நாற்காலியே போடுறதில்ல, முட்டி வலிக்கிற பெரியவங்களுக்கு மட்டும் சுவரோரமா, மத்த எல்லாரும் தரையில பாயில, யாரு முதல்ல வாராங்களோ அவங்க முன்னால. பஞ்சாயத்து ஆளுங்க வந்தாலும் அதேதான்.

படத்தோட சம்பந்தப்பட்ட புஸ்தகத்த வாசல் மேஜைல எடுத்து வைக்க மறக்காதீங்க. நம்ம நெல்லைக்காரரு புதுமைப்பித்தன் எழுதுன சிற்றன்னைதான் 1979ல மகேந்திரன் எடுத்த உதிரிப்பூக்களுக்கு மூலம்னு சொன்னா அந்தக் கதையக் கேட்டு வாங்குறவங்க இருக்காங்க.

முதல் தடவைக்கு என் யோசனை இது: பெரிய படம் வேண்டாம், அனுமதி வாங்குன குறும்படம் மூணு, எல்லாம் சேத்து ஒரு மணி நேரத்துக்குள்ள, அதுல ஒண்ணாவது நம்ம வட்டாரத்துல எடுத்ததா இருக்கட்டும். நோட்டீஸ் ஒட்டுனா மட்டும் பத்தாது, வாட்ஸ்அப் குரூப்பும் தெரு வாரியாத்தான் இருக்கு, அதனால ஒவ்வொரு தெருவுலயும் ஒரு பொம்பளை ஆளப் பிடிச்சு வீடு வீடா சொல்லச் சொல்லுங்க. ஐப்பசி, கார்த்திகைல ஆரம்பிக்காதீங்க, மழையும் கரண்டு கட்டும் சேந்து வந்துரும், தை பொறந்த பிறகு வைங்க. ஹால் எவ்வளவு பெருசு, வராந்தா இருக்கா, எத்தனை தெருன்னு இங்க எழுதுனீங்கன்னா எந்த மாதிரி படம் ஒத்துவரும்னு கூட உக்காந்து யோசிச்சுச் சொல்லுதேன்.