பக்கத்து வீட்டு ஃபோகஸ் லைட்டும் கொல்லைப்புறத்து வானமும்

கேள்வி: ஆலங்காயம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஏழாவது படிக்கும் மகளுக்காக ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்று வாங்கி, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு வருஷமாக வானம் பார்த்து வந்தோம். போன தை மாதம் பக்கத்து வீட்டு அண்ணன் (பங்காளி முறை) மாடிக் கைப்பிடிச் சுவரில் 100 வாட் எல்இடி ஃபோகஸ் லைட்டை எங்கள் பக்கம் பார்த்துப் போட்டார். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை எரிகிறது. கொல்லை பகல் மாதிரி இருக்கிறது. மகள் டெலஸ்கோப்பை வெளியே எடுப்பதையே விட்டுவிட்டாள். படுக்கையறை ஜன்னலிலும் வெளிச்சம் விழுவதால் என் அம்மாவுக்குத் தூக்கமில்லை. கேட்டால் "திருட்டு பயம், என் லைட்டு, என் கரண்டு" என்கிறார். தெருமுனையில் ஊராட்சி போட்ட விளக்கும் எங்கள் பக்கமே அடிக்கிறது. சட்டத்தில் வழி உண்டா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் டெலஸ்கோப்பில் தொடங்கி அம்மாவின் தூக்கத்தில் முடித்திருக்கிறீர்களே, அதைத் தலைகீழாக்க வேண்டும். நோட்டீஸ் ஆனாலும் மனு ஆனாலும் முதல் பத்தி படுக்கையறை ஜன்னலாக இருக்கட்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

இரவு வெளிச்சத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஒலிக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை என்று நேரம் குறித்து, டெசிபல் அளவும் சொல்லியிருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டம் மாசு என்பதைத் திட, திரவ, வாயுப் பொருள் என்று வரையறுக்கிறது. வெளிச்சம் அந்த மூன்றிலும் வராது. அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதி நாளைக் கழிக்க வேண்டாம்.

உங்களுக்கு உதவப்போவது பழைய 'நியூசன்ஸ்' சட்டம்தான். தன் இடத்தில் ஒருவர் செய்கிற காரியம் அடுத்தவர் தன் வீட்டைச் சாதாரணமாக அனுபவிப்பதைக் கணிசமாகவும் நியாயமில்லாமலும் கெடுத்தால், உரிமையியல் நீதிமன்றம் தடுக்கலாம். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில், நியாயமற்ற சத்தத்தாலும் அதிர்வாலும் வீட்டுக்காரரின் உடல் சௌகரியம் கெடக் கூடாது என்பது உதாரணமாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சம் அங்கே பேர் சொல்லி எழுதப்படவில்லை. கொள்கை ஒன்றுதான் என்று நாம் வாதிட வேண்டும். "என் லைட்டு, என் கரண்டு" என்பதற்கும் இதுதான் பதில். லைட்டு அவருடையதுதான், அது வந்து விழுகிற ஜன்னல் உங்களுடையது.

இப்போது டெலஸ்கோப் விஷயம். 1889-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கீழ்த்தளத்தில் இருந்து வந்த சூட்டால் மேல்தளத்தில் வைத்திருந்த ஒரு தனி வகைக் காகிதம் கெட்டுப்போனது. சாதாரணக் காகிதம் அந்தச் சூட்டில் கெட்டிருக்காது என்பதால் வழக்குப் போட்டவர் தோற்றார். 1948-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் திறந்தவெளித் திரையரங்கு ஒன்று, பக்கத்துக் குதிரைப் பந்தய மைதானத்தின் விளக்குகளால் படமே தெரியவில்லை என்று வழக்குப் போட்டுத் தோற்றது. இருட்டு தேவைப்படுகிற தொழிலை நீ தேர்ந்தெடுத்தாய், அதற்கு அடுத்தவர் பொறுப்பில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இவை இங்கே கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் அல்ல. ஆனாலும் "டெலஸ்கோப்பில் நட்சத்திரம் தெரியவில்லை" என்று தொடங்கினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே இவற்றைத்தான் எடுத்து வைப்பார்.

தூக்கம் அப்படியில்லை. யாருடைய தூக்கமும் சாதாரணத்தை மீறிய தனித் தேவை என்று ஒதுக்கப்படாது. ராம்லீலா மைதான வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், தூக்கமும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. அந்தப் பிரிவை நேராக அண்டை வீட்டுக்காரர் மேல் பாய்ச்ச முடியாது. ஆனால் நியாயமான தொல்லையா, நியாயமற்றதா என்று நீதிபதி எடை போடும்போது அது கனமான வாதம். கொல்லைப்புறம் பற்றியும் பேசலாம். 1995-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம், பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்த்துப் பொருத்திய ஃபோகஸ் லைட்டுகளுக்கும் கேமராவுக்கும் தடை போட்டது. கொல்லையில் துணி துவைப்பதும் பாய் போட்டு உட்காருவதும் சாதாரண அனுபவம் என்பதில் தகராறு இல்லை. டெலஸ்கோப்பை இந்த வரிசையில் மூன்றாவதாக எழுதுங்கள். விட்டுவிடாதீர்கள், முன்னால் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் கோரிக்கை. "விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்" என்று கேட்டால் திருட்டு பயம் என்ற பதில் ஜெயித்துவிடும். அந்தப் பயம் உண்மையாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது வெளிச்சத்தின் திசையை. விளக்கைக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும், மேலேயும் பக்கத்திலும் தகட்டு மூடி போட வேண்டும், ஆள் நடமாடினால் மட்டும் எரிகிற சென்சார் வைக்க வேண்டும், வெள்ளை பல்புக்குப் பதில் 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் நிற பல்பு போட வேண்டும். இதெல்லாம் செய்தால் அவர் வாசலுக்கு வெளிச்சம் குறையாது. திடீரென்று எரிகிற விளக்கு, இரவெல்லாம் எரிகிற விளக்கைவிடத் திருடனை அதிகம் பயமுறுத்தும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். இன்னொரு கணக்கும் சொல்லுங்கள். 100 வாட் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். இரண்டு மாத பில்லில் அது 72 யூனிட். என் அனுபவத்தில் சட்டப் பிரிவுகள் அசைக்காத பங்காளிகளை மின் கட்டணம் அசைத்திருக்கிறது.

பேசப் போவதற்கு முன் சாட்சியம் சேர்த்துவிடுங்கள். செல்போனின் நைட் மோடில் படம் எடுக்காதீர்கள். அது இருட்டையே பகலாக்கிக் காட்டும், குறுக்கு விசாரணையில் அடிபடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அன்றைய நாளிதழை அம்மா கையில் பிடித்திருப்பது போல ஒரு படம். எழுத்துத் தெரிய வேண்டும், சுவரில் ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்திருக்க வேண்டும். தேதி, நேரம் போட்டு ஒரு மாதம் நோட்டில் எழுதி வாருங்கள். அம்மா மருத்துவரிடம் போயிருந்தால் அந்தச் சீட்டு பத்திரம். படங்களைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். வக்கீல் தயார் செய்வார். அளவுகோல் கேட்டால், சர்வதேச ஒளியூட்டல் ஆணையமான சிஐஇ-யின் வழிகாட்டி இருக்கிறது. இரவு அடங்கிய நேரத்தில் வீட்டு ஜன்னலில் விழும் வெளிச்சம் கிராமப்புறத்தில் 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), புறநகரில் 2 லக்ஸ் தாண்டக் கூடாது என்கிறது. அது நம் ஊர்ச் சட்டம் இல்லை. ஆனால் ஓர் எண் இல்லாமல் திணறுகிற வழக்கில் அது கைப்பிடி.

பேசிப் பலன் இல்லையென்றால் நேராகக் கோர்ட்டுக்குப் போகாமல் வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குக்கு முந்தைய சமரச மனுவுக்குக் கோர்ட் கட்டணம் இல்லை. இருவரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பதிவானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. காலமெல்லாம் ஒரே வேலியைப் பங்கிட்டு வாழப்போகிற பங்காளிகளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அதுவும் முடியாவிட்டால் முன்சீப் கோர்ட்டில் உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) வழக்கு. விளக்கைத் திருப்பச் சொல்லி ஒரு பரிகாரம், இனி இப்படிப் போடக் கூடாது என்று ஒரு பரிகாரம், கூடவே கோர்ட் சார்பில் நேரில் பார்த்து அறிக்கை தருகிற வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க ஒரு மனு. அந்த மனுவில் "இரவு எட்டு மணிக்கு மேல்" என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். நான் நடத்திய ஒரு வழக்கில் அந்த வார்த்தை விட்டுப்போயிற்று. ஆணையர் மாலை நாலு மணிக்கு வந்து, மின்விளக்கு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார். இன்னொரு மனு போட்டு அவரை இரவில் வரவைக்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் என் கட்சிக்காரர் ஜன்னலில் போர்வை தொங்கவிட்டுத் தூங்கினார்.

போலீஸ் புகார் இப்போதைக்கு வேண்டாம். பொதுத் தொல்லை என்றால் அக்கம்பக்கத்துப் பொதுமக்கள் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஒரு வீட்டுத் தகராறை "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அண்ணனுடன் பேச்சும் அறுந்துபோகும். கோபத்தில் கல் எறிவது, வயரை வெட்டுவது கூடவே கூடாது. அது சொத்துச் சேதக் குற்றம். அதுவரை ஜெயித்துக்கொண்டிருந்த நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள். உங்கள் இடத்துக்குள் கம்பு நட்டு இரண்டடுக்குப் பச்சை வலை கட்டிக்கொள்ள யார் அனுமதியும் தேவைப்படாது. இன்றைக்கே செய்யலாம்.

தெருவிளக்கு வேறு கதை. தெருவுக்கு விளக்குப் போடுவது ஊராட்சியின் கடமை. உங்கள் கொல்லைக்குப் போடுவது இல்லை. கம்பத்து எண்ணைக் குறித்து, விளக்கைச் சாலைப் பக்கம் திருப்பி மூடி போடும்படி ஊராட்சிக்கு மனு கொடுங்கள். முதல்வரின் உதவி எண்ணான 1100-லும் பதிவு செய்யுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கேட்கலாம். அங்கே டெலஸ்கோப்பை முன்னாலேயே வையுங்கள். கோர்ட்டில் பின்னால் நிற்க வேண்டியது கிராம சபையில் முதலில் நிற்கலாம். உங்கள் பக்கத்து மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வானம் பார்க்கிறது. அதை அங்கே வைத்ததற்குக் காரணமே அந்தக் காட்டின் இருட்டு. லடாக்கில் ஹான்லேயைச் சுற்றி இருண்ட வானக் காப்பகமே 2022-இல் அறிவித்தார்கள். அந்த ஊர் வீடுகளில் ஜன்னல் திரையும் விளக்கு மூடியும் போட்டு இருட்டைக் காக்கிறார்கள். உங்கள் மகள் கிராம சபையில் எழுந்து நின்று இரண்டு நிமிஷம் இதைப் பேசட்டும்.

கடைசியாக ஒன்று. சமரசத்தில் விளக்குத் திரும்பிவிட்டால், அமாவாசையை ஒட்டிய நாலு நாள் மட்டும் இரவு எட்டரை முதல் பத்து வரை விளக்கை அணைக்க முடியுமா என்று அண்ணனிடம் கேளுங்கள். அது உரிமை இல்லை, எந்தக் கோர்ட்டும் வாங்கித் தராது. ஆகவே மனுவில் எழுதாதீர்கள். அவர் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு நாள் சனியின் வளையத்தைக் காட்டிவிட்டு, அதன் பிறகு கேளுங்கள்.