லைக் வருது, ஆர்டர் வரல: சிறு வியாபாரிகளின் கேள்விகளும் பதில்களும்

கடை, வீட்டுத் தயாரிப்பு, சர்வீஸ் என்று சிறிய அளவில் தொழில் செய்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் விளம்பரம் பார்த்துக்கொடுப்பவர்.

சின்னாளபட்டி, சுங்குடிச் சேலை: வாட்ஸ்அப் பிசினஸ்ல 900 பேருக்கு பிராட்காஸ்ட் அனுப்புறோம். பாதிப் பேருக்கு ஒரு டிக்கோட நிக்குதுங்க. ஏன்?

உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். நீங்கள் அவர்கள் எண்ணைச் சேமித்திருப்பது போதாது. பில் போடும்போதே, "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது டிசைன் இதுலதான் வரும்" என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. எப்படியும் நான்கு பட்டியல் ஆகும் என்பதால், வாங்கும் பழக்கம் பார்த்துப் பிரியுங்கள். மொத்தமாக எடுக்கும் கடைக்காரரையும் வருடத்துக்கு ஒரு சேலை எடுப்பவரையும் ஒரே பட்டியலில் போட்டால் இருவருக்குமே எரிச்சல்தான். விலைக்கு வாங்கிய நம்பர் லிஸ்ட்டைத் தொடவே வேண்டாம். தெரியாதவர்கள் நாலு பேர் ரிப்போர்ட் செய்தால் எண் முடங்கலாம், பழைய வாடிக்கையாளர்களும் அந்த எண்ணில்தான் இருக்கிறார்கள்.

படத்தோடு விலை, நீளம், பிளவுஸ் துணி உண்டா, கூரியர் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். "விலைக்கு மெசேஜ் பண்ணவும்" என்று போட்டால் பலர் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள். முந்தியை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். டியூப்லைட்டில் எடுத்தால் மெரூன் வேறு நிறமாகத் தெரியும், "படத்துல பார்த்த கலர் இல்ல" என்று சேலை திரும்பி வரும்.

ஈரோடு, ஏசி சர்வீஸ்: தனியா கடை இல்ல, வீட்லருந்துதான் தொழில். கூகுள் மேப்ல பேரை "ஈரோடு பெஸ்ட் ஏசி ரிப்பேர்"னு வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா சார்?

வைக்காதீர்கள். விசிட்டிங் கார்டில் உள்ள பெயரே இருக்கட்டும். தேடுசொற்களைப் பெயரில் திணித்தால் கணக்கையே கூகுள் நிறுத்தி வைக்கலாம். தேடலில் வர முக்கியம் முதன்மைப் பிரிவு, அதில் ஏசி ரிப்பேர் சர்வீஸைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் ஊர்களைச் சேவைப் பகுதியாகக் கொடுங்கள்.

சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டால் வெட்டாமல், ஒட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். தெருப் பெயர்ப் பலகை, பெயர் எழுதிய வண்டி, கேஸ் சிலிண்டர், கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ், பில் புத்தகம் எல்லாம் வரிசையாகத் தெரியட்டும். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கு எதிரானது. வேலை முடிந்து கிளம்பும்போது லிங்க்கை அனுப்பிக் கேளுங்கள், போதும்.

கும்பகோணம், வீட்டு மசாலா: இன்ஸ்டால 3,000 ரூபாய்க்கு பூஸ்ட் போட்டேன். லைக் கொட்டுது. ஆர்டர் ரெண்டே ரெண்டு. எங்க தப்பு?

பூஸ்ட், அதாவது காசு கொடுத்துப் பதிவைப் பலருக்குக் காட்டுவது, போடும்போது புரொஃபைல் பார்வையை இலக்காக வைத்திருப்பீர்கள். கேட்டதைத்தான் மெட்டா (இன்ஸ்டா, ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பை நடத்தும் நிறுவனம்) கொடுத்திருக்கிறது. அடுத்த முறை மெட்டாவின் விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜரில், தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும் விளம்பரம் போடுங்கள். ஒரே ஆட் செட் (ஒரே பட்ஜெட், ஒரே இலக்கு உள்ள விளம்பரத் தொகுப்பு), அதற்குள் இரண்டு மூன்று வீடியோ. பட்ஜெட்டை நாலாகப் பிரித்தால் எதற்கும் போதுமான தரவு சேராது. வாரத்துக்குச் சுமார் 50 முடிவுகள் (இங்கே, வாட்ஸ்அப்பில் வரும் விசாரிப்புகள்) கிடைத்தால்தான் விளம்பரம் நிலைப்படும் என்பது மெட்டாவின் கணக்கு. நடுவில் பெரிய மாற்றம் செய்தால் யாருக்குக் காட்டுவது என்று மெட்டா கற்றுக்கொள்வது முதலிலிருந்து தொடங்கும். நாலைந்து நாள் கை வைக்காமல் இருங்கள்.

அதற்கு முன் ஒரு கணக்கு. நாளுக்கு 300 ரூபாய் வீதம் ஏழு நாளைக்கு 2,100. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 2,478. பாக்கெட் 250 ரூபாய், கூரியர் தனி, உங்களுக்கு நிற்பது 80 என்றால், 31 பாக்கெட் விற்றால்தான் விளம்பரக் காசே திரும்பும். மூன்று பாக்கெட் காம்போவாக விற்றால் 11 ஆர்டர் போதும். ஒற்றைப் பாக்கெட்டுக்கு விளம்பரம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ராத்திரி வரும் மெசேஜுக்கு மறுநாள் மதியம் பதில் போட்டால் ஆள் வேறு இடத்தில் வாங்கியிருப்பார். விலைப்பட்டியலையும் பணம் கட்டும் விவரத்தையும் வாட்ஸ்அப் பிசினஸின் குயிக் ரிப்ளையில் சேமித்து வையுங்கள். லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் தெரியட்டும். புதிதாக வாங்குபவர்களில் பலர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சிவகாசி, பட்டாசுக் கடை: தீபாவளிக்கு ஃபேஸ்புக் விளம்பரம் போடலாமா?

முடியாது. பட்டாசு விளம்பரத்தை மெட்டா ஏற்பதில்லை. இணையதளங்கள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. கடை இருக்கும் இடமும் திறக்கும் நேரமும் கூகுளில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

திருப்பூர், பனியன் மொத்த விற்பனை: "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்துல பேஜ் நீக்கப்படும்"னு மெட்டா பேர்ல மெசெஞ்சர்ல லிங்க் வந்துச்சு. பயமா இருக்கு அண்ணா.

போலி. உண்மையான புகார் என்றால் மெட்டாவின் பிசினஸ் சப்போர்ட் பக்கத்தில் தெரியும். லிங்க்கைத் தொடாமல் அங்கே போய்ப் பாருங்கள். இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள். பேஜின் முழு உரிமை டிசைன் செய்து கொடுத்தவரிடம் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பெயரிலும், வீட்டில் இன்னொருவர் பெயரிலும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே லிங்க்கில் பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் உடனே அதை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்து, விளம்பரக் கணக்கில் உள்ள கார்டை நீக்குங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.