இரண்டு வேளை எடைப் பயிற்சி: வாசகர் கேள்விகள்

கே: காலையில் ஒரு மணி நேரம் ஜிம் போகிறேன். மாலையும் அதேபோல் போனால் பலன் இரட்டிப்பாகுமா? (ஈரோடு)

ப: ஆகாது. வேலையைப் பிரிக்க வேண்டும், பெருக்கக் கூடாது. ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் (மல்லாந்து படுத்து பாரை மேலே தள்ளுவது) சேர்த்து 10 செட், அதாவது 10 சுற்று, செய்பவர் காலையில் ஸ்குவாட் 5, மாலையில் பெஞ்ச் 5 என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் 6 மணி நேரமாவது இருக்கட்டும். களைப்பில்லாமல் வருவதால் ஒவ்வொரு செட்டும் சுத்தமாக வரும். இரு வேளையின் லாபமே அதுதான்.

கே: நான் எத்தனை கிலோ போடலாம்?

ப: வயது இல்லை, உடல் எடை இல்லை, எந்தப் பயிற்சிக்கு என்றுகூட இல்லை. விவரம் எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது?

கே: பல்கேரிய முறைப்படி தினமும் இரு வேளை உச்ச எடையில் (ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற எடை) ஸ்குவாட். மூன்றாவது வாரம் முட்டி வலிக்கிறது. தொடரலாமா? (ஐடி வேலை, வயது 34)

ப: இன்றே நிறுத்துங்கள். வலி குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, படிக்கும்போதே வயிறு எரிகிறது. பல்கேரிய பளுதூக்கும் அணியின் பயிற்சியாளர் இவான் அபாஜியேவ் தன் வீரர்களை அப்படிப் பழக்கியது உண்மைதான். ஒரு நாளில் பல தடவை, ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி. ஆனால் அவர்களுக்கு அதுதான் உத்தியோகம். தூக்கிவிட்டு ஓய்வெடுப்பார்கள், மறுபடி தூக்குவார்கள். தாங்காதவர்கள் அணியிலிருந்து விலகிப்போனார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அந்த அணியின் இருவர் ஊக்கமருந்துச் சோதனையில் தங்கத்தை இழந்தார்கள்; அணியே போட்டியிலிருந்து விலகியது. அந்தப் பயிற்சி அட்டவணையைக் காட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை. என்னிடம் ஒரு பையன் வந்தான். வெறும் 20 கிலோ பாரைத் தோளில் வைத்து எழும்போதே இடது முட்டி உள்பக்கம் சாய்ந்தது. விசாரித்தால் ராத்திரி ஷிஃப்ட், 4 மணி நேரத் தூக்கம். அதோடு இரண்டு வேளை உச்ச எடை! நீங்கள் வேலைக்குப் போகிறவர். இரு வேளைப் பயிற்சி வாரம் 2 நாள் போதும். உச்சத்தில் 75, 80 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன்: பிரியுங்கள், பெருக்காதீர்கள்.

கே: வீட்டில் புல்-அப் கம்பி இருக்கிறது. நாள் முழுக்க அவ்வப்போது தொங்கலாமா?

ப: தாராளமாக. 8 எடுக்க முடிந்தால் ஒரு தடவைக்கு 4, நாளுக்கு ஐந்தாறு தடவை. கை நடுங்கும்வரை போகாதீர்கள். முழங்கை வலித்தால் இரண்டு நாள் விடுங்கள்.

கே: அதிகமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

ப: எழுந்தவுடன் நாடி பாருங்கள். வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 8, 10 துடிப்பு கூடினால், வார்ம்-அப் எடையே கனத்தால், படுத்தும் தூக்கம் வராவிட்டால், அன்று மாலை ஜிம் வேண்டாம். மூன்று நாளும் அப்படியே இருந்தால் ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாக்குங்கள்.