கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது யார்?
(கல்லூரிப் பண்டிகைகள்: வாசகர் கேள்வி பதில்)

பல ஊர், பல மதம், பல குலதெய்வத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் இடத்தில் பண்டிகை நாட்களை எப்படி நடத்துவது என்று வந்த கடிதங்களில் சிலவும் அவற்றுக்கான பதில்களும்.

கல்லூரியில் உள்மதிப்பீட்டுத் தேர்வு அட்டவணை போடுவது என் பொறுப்பு. அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத்தான் போடுகிறேன். அப்படியும் பருவத்துக்கு ஒருமுறையாவது, பாதி வகுப்பு காலியாகிற நாளில் தேர்வு விழுந்துவிடுகிறது. எதை விட்டுவிடுகிறேன்?
– துறைத்தலைவர், பாளையங்கோட்டை

அரசுப் பட்டியல் எந்த நாள் அலுவலகம் மூடியிருக்கும் என்று சொல்லும். எந்த நாள் பிள்ளைகள் ஊரில் நின்றாக வேண்டும் என்று அது சொல்லாது. நீங்கள் விட்டது அநேகமாகப் பங்குனி உத்திரமாக இருக்கும். நம் நெல்லைப் பக்கத்தில் தீபாவளிக்கு ஊருக்கு வராதவர்கூட அன்று குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்கு வந்துவிடுவார். டவுனில் குடியிருப்பவருக்குச் சாஸ்தா திருச்செந்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு குளத்தங்கரையில் இருப்பார். சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற பங்காளிகளும் அன்றைக்குத்தான் ஒன்றுகூடுவார்கள். அந்த நாளில் தேர்வு வைத்தால் மறுதேர்வும் சேர்த்து வைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, நட்சத்திரம் நள்ளிரவில் மாறுவதில்லை. உத்திரம் ஒரு நாள் பிற்பகலில் தொடங்கி மறுநாள் வரை ஓடலாம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில மணி நேரம் வேறுபடும். அதனால் முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

அட்டவணை போடும்போது தேதிகளை வகை பிரித்துக்கொண்டால் வேலை எளிது. ஆங்கிலத் தேதியில் நிற்பவை முதல் வகை: கிறிஸ்துமஸ், ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. தமிழ்த் தேதியில் நிற்பவை அடுத்தது: தை 1 பொங்கல், மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம். இவை ஒரு நாளுக்கு மேல் நகராது. நட்சத்திரத்தையும் திதியையும் பார்த்து வருபவை பங்குனி உத்திரம், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசை, ஆடித்தபசு, தசரா. ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறும் வரலாம். பெரிய வெள்ளி அதற்கு இரண்டு நாள் முன்பு.

பிறை பார்த்து வருபவைதான் கடைசி வகை. இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாள். அதனால் ரமலான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகரும். 2030இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் ஒன்றுமாக இரண்டு ரமலான் தொடங்கும். நோன்புப் பெருநாள் எது என்பது முதல் நாள் மாலை பிறை பார்த்து, தலைமை காஜி அறிவித்த பிறகுதான் உறுதி. பட்டியலில் அச்சான தேதியை நம்பி மறுநாள் தேர்வு வைக்காதீர்கள். இரண்டு நாளையும் விடுங்கள். பக்ரீதில் இந்தத் தொல்லை இல்லை. துல்ஹஜ் பிறை தெரிந்த பத்தாம் நாள் என்பதால் ஒன்பது நாள் முன்பே தெரிந்துவிடும்.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 25 பங்குனி உத்திரம், 29 பெரிய வெள்ளி. இரண்டும் ரமலான் நோன்புக்குள் வந்தன. அந்த வாரத்தில் எந்த நாளில் தேர்வு வைத்தாலும் வகுப்பில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு இடித்திருக்கும்.

பல்கலைக்கழகத் தேர்வுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லை நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று நான்கு மாவட்டம். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குத் தென்காசி மாவட்டத்தில் விடுமுறை விடுவார்கள். அது 2019இல் தனி மாவட்டமானதால் நெல்லைக்கு அந்த விடுமுறை வராது. ஆனால் சங்கரன்கோவில் பிள்ளைகள் நெல்லையில்தான் படிக்கிறார்கள். ஆகவே நான்கு மாவட்ட உள்ளூர் விடுமுறைகளையும் ஒரே தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவிடுங்கள். சேர்க்கையின்போதே ஒரு துண்டுத் தாளில் ‘நீ ஊரில் இருந்தாக வேண்டிய மூன்று நாள் எவை?’ என்று மட்டும் கேளுங்கள். மதமும் சாதியும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தாள்களைத் தொகுத்தாலே அட்டவணையில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்றார்கள். வங்கி திறந்திருக்கிறது, தேர்வும் நடக்கிறது. இது என்ன விடுமுறை?
– மாணவி, பேட்டை

மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அதனால் வங்கிகளுக்கு அது பொருந்தாது. கருவூலமும் குறைந்த ஆட்களோடு இயங்கும். முன்பே அறிவித்த பொதுத்தேர்வுகள் நடக்கும் என்று ஆணையிலேயே எழுதியிருப்பார்கள். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். அந்தத் தேதியும் அதே ஆணையில் இருக்கும். பலர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். கடைசிப் பத்தி வரை படியுங்கள்.

எங்கள் விடுதியில் 60 பேர் நோன்பு பிடிக்கிறார்கள். விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாடும் நோன்பு திறக்கக் கஞ்சியும் விடுதியிலேயே செய்யலாம் என்று முடிவு. சமையல் அண்ணாச்சிக்குக் கஞ்சி வைத்துப் பழக்கமில்லை. போன ஆண்டு வைத்தது அடிப்பிடித்துக் கசந்துபோயிற்று. அளவோடு சொல்லுங்கள்.
– விடுதிச் செயலர், மேலப்பாளையம்

முதலில் அளவு. ஆளுக்கு 400 மில்லி என்றால் 60 பேருக்கு 24 லிட்டர் கஞ்சி. பச்சரிசிக் குருணை 3 கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, வெந்தயம் 50 கிராம், சின்ன வெங்காயம் 1 கிலோ, தக்காளி முக்கால் கிலோ, உரித்த பூண்டு கால் கிலோ, இஞ்சி 150 கிராம், பச்சை மிளகாய் 100 கிராம், தேங்காய் 4, எண்ணெய் கால் லிட்டர், பட்டை, கிராம்பு, ஏலக்காய் கொஞ்சம், புதினாவும் மல்லித்தழையும் மும்மூன்று கட்டு. தண்ணீர் 24 லிட்டர். பாத்திரம் 40 லிட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பொங்கி வழியும்.

போன ஆண்டு கசந்ததற்கு வெந்தயம் ஒரு காரணமாக இருக்கலாம், அடிப்பிடித்தது இன்னொரு காரணம். வெந்தயத்தை எண்ணெயில் சிவக்க விட்டால் கசக்கும். அரிசி, பருப்போடு சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பருப்பு கனம், கீழே போய் உட்காரும். முதல் இருபது நிமிடம் துடுப்பை வைத்து அடிவரை கிண்டிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அப்படியும் அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சுரண்டினால் அண்டா முழுக்கப் புகைவாடை ஏறிவிடும்.

நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுங்கள். வெங்காயம், மசாலா, இஞ்சி பூண்டு விழுது, தக்காளி என்று வரிசையாக வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் அரிசி, பருப்பு. ஐந்தேகாலுக்குக் குழைந்திருக்கும். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கூடினதும் தீயை நிறுத்துங்கள். பால் தளதளவென்று கொதித்தால் திரிந்துபோகும். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் கஞ்சி களியாக இறுகும். மூன்று லிட்டர் வெந்நீர் தனியாக வைத்திருந்து, பரிமாறும்போது ஊற்றிக் கலக்குங்கள். கறி போடாமல் வைத்தால் விடுதியில் எல்லாரும் குடிக்கலாம். கொத்துக்கறி வேண்டும் என்பவர்களுக்கு, ஹலால் கறியைத் தனியே வேகவைத்துத் தனிச் சட்டியில் கலந்து கொடுங்கள்.

உப்பு 150 கிராமில் தொடங்குங்கள். பார்ப்பது யார் என்பதுதான் கேள்வி. நோன்பு பிடித்திருக்கும் பையன்கள் அடுப்படியில் நின்றாலும் வாயில் வைக்க மாட்டார்கள். நோன்பில்லாத ஒருவர் ஐந்து மணிக்கு வந்து ஒரு கரண்டி குடித்துச் சொல்லட்டும். சாஸ்தா கோயில் வீட்டுப் பையனோ, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவநாட்களில் இருக்கிற பையனோ, யாராக இருந்தாலும் சரி, தினமும் ஒரே ஆளாக இருக்கட்டும். நாவு மாறினால் உப்பும் மாறும்.

பேரீச்சை ஆளுக்கு மூன்று என்றால் நாளொன்றுக்கு 2 கிலோ. நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் அட்டவணையை மோதினாரிடம் வாங்கி ஒட்டுங்கள். கைபேசியில் சென்னை நேரம் வந்தால் அதைப் பார்த்துத் திறக்காதீர்கள். சென்னையைவிட நெல்லையில் சூரியன் ஏறத்தாழப் பத்து நிமிடம் பிந்தித்தான் மறைகிறது.

சஹருக்கு இரவே சமைத்து வைக்கிற பழக்கத்தை விடுங்கள். தேங்காய் அரைத்த குழம்பு நம் ஊர் வெக்கையில் விடியும்வரை நிற்காது. தேங்காய் போடாத புளிக்குழம்பு ராத்திரி வைக்கலாம். சோறும் முட்டையும் மூன்றரைக்குச் சூடாக ஆகட்டும். தயிரும் வாழைப்பழமும் போதும். நான்கரைக்குத் தட்டு முன்னால் இருந்தால் நிதானமாகச் சாப்பிட்டு முடிப்பார்கள். மூன்று மணிக்கு எழுந்த சமையல்காரரைக் காலைப் பலகாரத்துக்கும் நிறுத்தாதீர்கள். அந்த மாதம் முழுவதும் முறை மாற்றுங்கள். காலை, மதியச் சாப்பாட்டுக் காசைச் சஹருக்கும் கஞ்சிக்கும் திருப்பிவிட்டால் மெஸ் பில்லில் சண்டை வராது.

பெண்கள் விடுதிக்கும் இதே முறைதான், ஒன்றைத் தவிர. மாதவிலக்கு நாட்களில் நோன்பு கிடையாது. நோய், பயணம் என்றாலும் விலக்கு உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு வருகிற பெண்ணிடம் ‘இன்னைக்கு நோன்பு இல்லையா?’ என்று வாசலில் நின்று கேட்கவே கூடாது. எண்ணிக்கைக்கு ஒரு பெட்டியில் டோக்கன் போட்டால் போதும்.

துறைக்கு ஒரு மண்பானை வைத்து, பனையோலை எரித்துச் சமத்துவப் பொங்கல். போன தடவை இரண்டு பானை வெடித்துவிட்டது. ஒன்றில் அரிசி வேகவே இல்லை. ஏன்?
– மாணவர் பேரவை, அம்பாசமுத்திரம்

பனையோலைத் தீதான் வெடித்ததற்குக் காரணம். ஓலை குப்பென்று பிடித்து, குப்பென்று அடங்கும். காய்ந்த புதுப்பானையில் அது ஒரு பக்கமாக ஏறினால் கீறல் விழும். பானையை முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அடிப்பக்கத்துக்குக் களிமண் பூசுங்கள். முக்கால் பானைக்குப் பாலும் தண்ணீரும் இருக்கட்டும். வெறும் விளிம்பைத் தீ நக்கினால் அங்கேதான் விரியும். இடையில் தண்ணீர் சேர்ப்பதானால் வெந்நீர் மட்டும். மூன்று அடுப்புக்கட்டியும் சம உயரமா என்று கோலம் போடுகிறதற்கு முன்பே பாருங்கள். ஓலைப்பொறி பறக்கும் என்பதால் பந்தலுக்கு வெளியே அடுப்பு. அடுப்புக்கு அடுப்பு ஆறடி.

அரிசி வேகாததற்கு வெல்லம் முந்தியதே காரணம். வெல்லம் விழுந்தபின் அரிசி வேகாது. விரலில் நசுக்கினால் மாவாகும் வரை பொறுத்திருந்து, கரைத்து மண் வடிகட்டிய பாகை ஊற்றுங்கள். ஒரு கிலோ அரிசிக்குப் பருப்பு 200 கிராம், வெல்லம் ஒன்றரைக் கிலோ, நெய் கால் கிலோ. சின்னக் கிண்ணத்தில் ஐம்பது அறுபது பேருக்கு வரும்.

சேர்ந்து ஓலை தள்ளிப் பொங்கவைக்கிற பிள்ளைகளில் சிலர், படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். அது அவர்கள் நம்பிக்கை. பொங்கல் மேல் வெறுப்பில்லை. படைக்கிறதற்கு முன்பே ஒவ்வொரு பானையிலும் இரண்டு அகப்பை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். யாருக்கு எது என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டாம். பனங்கிழங்கு எல்லாருக்கும் பொது.

எல்லாப் பண்டிகைக்கும் கல்லூரிக் குழுவில் ‘வாழ்த்துகள்’ போடுகிறோம். போன தடவை ஒரு தோழி வருத்தப்பட்டாள். எதற்குப் போடக் கூடாது?
– மாணவி, வண்ணார்பேட்டை

பெரிய வெள்ளி கிறிஸ்து சிலுவையில் உயிர்விட்ட நாள். கோயிலில் நண்பகல் 12 முதல் 3 வரை அவர் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். வாழ்த்தை ஈஸ்டர் ஞாயிறுக்கு வையுங்கள். முகரம் பத்தாம் நாளும் அப்படியே: சிலருக்குத் துக்கம், சிலருக்கு நோன்பு. ஆடி அமாவாசையில் தாமிரபரணிக் கரையில் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருகிறவனுக்கும் வாழ்த்துப் படம் அனுப்பாதீர்கள்.

கேரளப் பிள்ளைகளுக்காக ஓணத்துக்கு அத்தப்பூக்கோலம் போட்டோம். அரை மணியில் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது.
– ஆசிரியை, தென்காசி

செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று ஆவணியிலும் ஓயாது. மேற்குப் பக்கம் சுவர் உள்ள தாழ்வாரமாகப் பாருங்கள். ஆறடி வட்டத்துக்கு எட்டு முதல் பத்து கிலோ பூ ஆகும். தோவாளையில் ஓண வாரத்தில் விலை ஏறும். முன்பே சொல்லி வையுங்கள். இதழை முதல் நாள் இரவு உதிர்த்து, நனைக்காமல் துணியில் பரப்புங்கள். கோலம் முடிந்தபிறகு மேலே பூவாளியால் இல்லாமல், மெல்லிய தெளிப்பானால் ஒருமுறை தண்ணீர் தெளித்தால் நிற்கும்.

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கும் சபரிமலைக்கும் மாலை போடும் மாணவர்கள் வெறுங்காலோடு பட்டறைக்கு வருகிறார்கள். செருப்பு, ஷூ போட மறுக்கிறார்கள். தடுக்கவும் மனமில்லை, விடவும் பயம்.
– பட்டறைப் பயிற்றுநர், வள்ளியூர்

பயம் நியாயமானது. கடைசல் எந்திரத்தின் கீழே கிடக்கிற சூடான இரும்புச் சுருள் வெறுங்காலில் ஏறினால் தையல் போட வேண்டிவரும். பற்றவைக்கும் இடத்திலும் அமிலம் இருக்கும் ஆய்வகத்திலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் நாளை மாற்றலாம். கார்த்திகை முதல் தேதி நவம்பர் நடுவில் வரும், அங்கிருந்து மண்டலம் 41 நாள். தசரா புரட்டாசி, ஐப்பசியில் விஜயதசமியன்று குலசைக் கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்தோடு நிறைகிறது. பருவத் தொடக்கத்திலேயே ‘இந்த ஆண்டு மாலை போடுகிறவர்கள் யார்?’ என்று கேட்டு, அவர்களுடைய எந்திரப் பயிற்சியை முதல் எட்டு வாரத்தில் முடித்துவிடுங்கள். மாலை நாட்களில் வரைபடம், அளவெடுத்தல், கணக்கு என்று மாற்றிக் கொடுங்கள்.

அதையும் மீறி எந்திரத்தில் நிற்க வேண்டி வந்தால், அவனுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியிடம் நீங்களே பேசுங்கள். வேலை நேரத்துக்கு மட்டும் காலணி போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் பையன் மனச்சங்கடம் இல்லாமல் போடுவான். கழுத்து மாலையைச் சட்டைக்குள் விட்டு மேல் பொத்தானைப் போடச் சொல்லுங்கள். சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் குனியும்போது முதலில் சிக்குவது அதுதான்.