ஸ்பானிய மொழி பிரேசிலுக்குப் போதுமா?

கேள்வி: எங்கள் மகள் பணி நிமித்தமாக இரண்டு ஆண்டுகளுக்கு பிரேசிலில் உள்ள சாவோ பாவுலோ நகருக்குச் செல்லவிருக்கிறாள். கல்லூரி நாட்களில் ஸ்பானிய மொழியை ஓரளவு நன்றாகவே கற்றிருக்கிறாள். "தென் அமெரிக்கா முழுவதும் ஸ்பானியம்தான், அதுவே போதும்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவளோ, அங்கே பேசப்படுவது போர்த்துக்கீசியம் என்கிறாள். சுற்றியுள்ள நாடுகளெல்லாம் ஒரு மொழி பேச, இந்த ஒரு நாடு மட்டும் ஏன் வேறு மொழி பேசுகிறது? புறப்பட மூன்று மாதங்களே இருக்கும்போது அவள் புதிதாக ஒரு மொழியைக் கற்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகள் சொல்வதே சரி. அவர் போர்த்துக்கீசியத்தைக் கற்கத்தான் வேண்டும். ஸ்பானியம் தெரிந்திருப்பதால் அந்த வேலை பாதியாகக் குறையும், அவ்வளவுதான். "அந்த ஒரு நாடு மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு நாடு, பரப்பிலும் மக்கள்தொகையிலும் தென் அமெரிக்காவின் ஏறத்தாழ பாதி. சிலி, ஈக்வடார் ஆகிய இரண்டைத் தவிர அக்கண்டத்தின் மற்ற எல்லா நாடுகளோடும் அதற்கு எல்லை உண்டு.

இந்த மொழிப் பிரிவினைக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் 1494ஆம் ஆண்டின் தோர்தேசிலாஸ் உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டுவார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே கண்டுபிடிக்கப்படும் நிலங்களை, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள காப் வேர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் (அக்காலத் தொலைவு அளவு) தொலைவில் வடக்குத் தெற்காக ஒரு கற்பனைக் கோடு கிழித்து, மேற்கே ஸ்பெயினுக்கும் கிழக்கே போர்ச்சுகலுக்கும் எனப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. அந்த நிலங்களில் ஏற்கெனவே வாழ்ந்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1500 ஏப்ரலில், இந்தியாவுக்குப் புறப்பட்ட பெத்ரோ அல்வாரெஸ் கப்ரால் என்ற தளபதியின் கப்பல்கள் பிரேசில் கரையைத் தொட்டன. அவரே அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோட்டிலும் வந்து இறங்கினார்.

ஆனால் அந்தக் கோடு மட்டுமே காரணம் என்றால் போர்ச்சுகலுக்குக் கிடைத்திருக்க வேண்டியது கிழக்குப் புடைப்பு மட்டும்தான். அமேசான் காடுகளின் பெரும்பகுதி ஸ்பெயினின் பங்கில் விழுந்திருக்கும். கோட்டைத் தாண்டி நாட்டை விரித்தவர்களில் முக்கியமானவர்கள், உங்கள் மகள் போகவிருக்கும் அதே சாவோ பாவுலோவிலிருந்து கிளம்பியவர்கள். 1554இல் யேசு சபையினர் நிறுவிய அச்சிறு குடியிருப்பிலிருந்து, அடிமைகளாக்கப் பழங்குடியினரைப் பிடிக்கவும் பொன் தேடவும் உள்நாட்டுக்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்த அக்கூட்டத்தாரை பந்தெய்ராந்தெஸ் என்பார்கள். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே மன்னர் இருந்ததால், எல்லையைத் தாண்டுவதைத் தடுக்கும் அக்கறையும் தளர்ந்தது. இறுதியில் 1750இன் மாட்ரிட் ஒப்பந்தம், யார் எந்த நிலத்தில் குடியேறி இருக்கிறார்களோ அது அவர்களுக்கே என்ற நியாயத்தை ஒப்புக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில் சாவோ பாவுலோ வீடுகளில் பரவலாகப் பேசப்பட்டது போர்த்துக்கீசியமே அன்று. துப்பி என்ற பழங்குடி மொழியிலிருந்து உருவான 'பொதுமொழி'. 1750களில் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பாலின் ஆணைகள்தாம் பழங்குடி மொழிகளை ஒதுக்கிப் போர்த்துக்கீசியத்தைக் கட்டாயமாக்கின. இபிராபுவேரா, இபிரங்கா என்று அந்நகரில் இன்றும் வழங்கும் இடப்பெயர்கள் துப்பி மொழியின் மிச்சங்கள். நெப்போலியனின் படைக்கு அஞ்சிப் போர்ச்சுகல் அரச குடும்பமே 1808இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்ததும், 1822இல் அக்குடும்பத்து இளவரசர் பெத்ரோவே இபிரங்கா ஓடைக்கரையில் விடுதலையை அறிவித்ததும், நாடு சிதறாமல் ஒன்றாக நிற்கப் பெரிதும் உதவின. ஸ்பெயினின் குடியேற்றங்களோ தனித்தனி ஆளுகைகளின் கீழ் இருந்து, தனித்தனிப் போர்களின் வழியே தனித்தனி நாடுகளாயின.

இனி மொழிக்கு வருவோம். உங்கள் மகள் பிரேசில் செய்தித்தாளைப் பிரித்தால் பாதிக்கு மேல் புரிந்துவிடும். தெருவில் பேசுவதைக் கேட்டால் தலை சுற்றும். ஸ்பானியத்தில் உயிரொலிகள் ஐந்துதான். போர்த்துக்கீசியத்தில் அவை கூடுதல், அவற்றில் பல மூக்கால் ஒலிப்பவை. ஸ்பானியத்தில் 'பான்' என்னும் ரொட்டி அங்கே மூக்கொலியோடு 'பாவ்' ஆகிவிடுகிறது. மும்பையின் பாவ் பாஜியில் இருப்பதும் அதே பாவ்தான். இதனால் பிரேசில்காரர்களுக்கு ஸ்பானியம் புரியும் அளவுக்கு, ஸ்பானியம் பேசுபவர்களுக்கு அவர்கள் பேச்சு புரிவதில்லை. அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வதைப் பார்த்து, இதுவே போதும் என்று உங்கள் மகள் நினைத்துவிடக் கூடாது. அதோடு, ஸ்பானியம்தான் தங்கள் மொழி என்று வெளிநாட்டார் எண்ணிக்கொள்வதும் அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் அய்ரெஸைத் தங்கள் தலைநகர் என்று சொல்வதும் அவர்களுக்குப் பழகிப்போன எரிச்சல்கள்.

உருவம் ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்களில்தான் எச்சரிக்கை தேவை. 'ஒஃபிசினா' ஸ்பானியத்தில் அலுவலகம், பிரேசிலில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை. விருந்துக்கு அழைத்த வீட்டில், சுவை அருமை என்று பாராட்ட ஸ்பானிய நினைப்பில் 'எஸ்கிசீத்தோ' என்றால், சாப்பாடு ஏதோ விசித்திரமாக இருக்கிறது என்று சொன்னதாகிவிடும். மரியாதைச் சொற்கள் நமக்குக் கடினமல்ல: சம வயதினரை 'வொசே' என்றும், பெரியவர்களை 'சென்யோர்', 'சென்யோரா' என்றும் விளிப்பது வழக்கம், நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசி வளர்ந்தவருக்கு எங்கே எது என்பது தானாகவே பிடிபடும்.

சில இடங்களில் தமிழே அவருக்குக் கைகொடுக்கும். போர்த்துக்கீசியர் நம் கடற்கரைகளில் விட்டுச்சென்ற சொற்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. சாவோ பாவுலோவில் சாவி 'ஷாவி', சன்னல் 'ஜனேலா'. ஸ்பானியத்திலோ அவை 'யாவே', 'வென்தானா'.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன்: போர்ச்சுகல் நாட்டு உச்சரிப்பில் அமைந்த பாடங்களைத் தவிர்த்து, பிரேசில் வழக்கில் உள்ள பாடங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நாள்தோறும் அரை மணி நேரமாவது பிரேசில் வானொலியைக் கேட்பது, இலக்கணப் புத்தகத்தைவிட அவருக்கு உதவும்.

கிழமைகளை அவர் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது. ஸ்பானியத்தில் திங்கள் முதல் வெள்ளி வரையிலான கிழமைகள் நம்முடையவற்றைப் போலவே கோள்களின் வரிசையில் வருபவை: திங்களுக்கு நிலவின் பெயரால் 'லூனெஸ்', செவ்வாய்க்கு 'மார்த்தெஸ்', வெள்ளிக்கு 'வியெர்னெஸ்'. போர்த்துக்கீசியமோ, பழைய தெய்வங்களின் பெயர்கள் கிறித்தவருக்கு ஆகாது என்று திருச்சபை கருதிய காலத்தில், கோள்களைக் கைவிட்டு எண்களுக்கு மாறிக்கொண்டது. ஞாயிறை முதலாவதாகக் கொண்டு எண்ணுவதால் திங்கள் 'செகுந்தா', அதாவது இரண்டாவது. செவ்வாய் 'தெர்சா', புதன் 'குவார்த்தா', வியாழன் 'கிந்தா', வெள்ளி 'செஸ்தா'. வீட்டு உரிமையாளர் 'கிந்தா' அன்று வந்து சாவியைப் பெற்றுக்கொள்ளச் சொன்னால், வாரம் திங்களில் தொடங்குவதாக நினைத்து விரல்விட்டு ஐந்து எண்ணுபவர், ஒரு நாள் தாமதமாக வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டிய கதவின் முன் நிற்பார்.