ஹாட் டப் கரண்ட் பில்: பம்பை மாற்றுவதற்கு முன் மூடியைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: குன்னூரில் சொந்த வீடு. பிள்ளைகள் ஆசைப்பட்டதால் ஐந்து பேர் அமரும் ஹாட் டப் (குமிழி கிளப்பும் வெந்நீர்த் தொட்டி) ஒன்றை முற்றத்தில் வைத்தோம். 1,200 லிட்டர் நீர், 3 கிலோவாட் ஹீட்டர். சனி, ஞாயிறு மட்டுமே இறங்குகிறோம். இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடிய வீட்டில் இப்போது 1,460 யூனிட். சுமார் 1,300 ரூபாய் கட்டிய இடத்தில் 12,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்கிறது. பம்பு சரியில்லை, பெரிய பம்பு போடுங்கள், மின்சேமிப்புப் பெட்டி ஒன்றும் மாட்டுங்கள் என்கிறார் விற்ற ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள்.

ஒரு யூனிட் மின்சாரம் ஏறக்குறைய 860 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கும். உங்கள் தொட்டி நீரை 15 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர 32 யூனிட், பதினோரு மணி நேரம். இரண்டு மாதத்தில் எட்டு அல்லது ஒன்பது வார இறுதிகள். ஒவ்வொரு முறையும் பச்சைத் தண்ணீரிலிருந்து தொடங்கினாலும் 300 யூனிட்டை எட்டாது. நீங்கள் கூடுதலாகச் செலவழித்ததோ 1,040. மிச்சம் எங்கே போயிற்று? யாரும் இறங்காத திங்கள் முதல் வெள்ளி வரை நீரைச் சூடாகவே வைத்திருந்ததில் போயிற்று.

"அணைத்து அணைத்துப் போட்டால்தான் செலவு அதிகம், எப்போதும் சூடாகவே விடுங்கள்" என்று விற்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். தவறு. சுற்றியுள்ள காற்றைவிட நீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெப்பம் வெளியேறும். ஆறவிட்ட தொட்டி குறைவாகவே இழக்கும். வெள்ளி இரவு ஹீட்டரைப் போட்டால் சனி காலையில் குளிக்கலாம்.

இங்கே ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். குறைக்கச் சொல்வது சூட்டைத்தான், பம்பை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. நீர் ஓடாமல், குளோரின் இல்லாமல் வெதுவெதுப்பாகத் தேங்கினால் கிருமிகள் பெருகும். நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லாவுக்கு 20 முதல் 45 டிகிரி வரை நல்ல விளைநிலம். குமிழி கிளப்பும்போது எழும் நீர்த்திவலையை நாம் மூச்சில் இழுக்கிறோம். ஆகவே வார நாட்களில் வெப்பநிலையை அந்தக் கருவி அனுமதிக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்குங்கள். வடிகட்டும் சுழற்சி தினமும் சில மணி நேரம் ஓடட்டும், குளோரின் அளவைப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் ஆள் இருக்காது என்றால் நீரை வடித்துவிடுங்கள். பாதி ஆறிய, கவனிப்பாரற்ற நீரில் குழந்தைகளை இறக்காதீர்கள்.

அடுத்தது மூடி. உள்ளே ஃபோம் வைத்த மூடி நாள்பட ஈரம் குடிக்கும். வாங்கியபோது ஒருவர் தூக்கிய மூடியை இப்போது இருவர் தூக்க வேண்டியிருக்கிறது என்றால் அது செத்துவிட்டது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 40 லிட்டர், அதாவது 27 யூனிட் காற்றோடு போய்விட்டது. பம்பு விற்க வருகிறவர் மூடியைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. மூடியில் அவருக்குக் கமிஷன் குறைவு.

பம்பைப் பற்றி இரண்டே செய்தி. பீய்ச்சியடிக்கும் வேகத்தில் ஒன்றரை கிலோவாட் இழுத்தாலும் அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. ஆனால் மெதுவான வேகத்தில் 300 வாட் என்று வைத்துக்கொண்டாலும், இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் நாளைக்கு 7 யூனிட். பம்பு இழுக்கும் மின்சாரம் வெப்பமாகி, அதில் ஒரு பங்கு நீருக்கே வந்து சேரும் என்றாலும், சுழற்சி நேரத்தைக் குறைப்பதற்குக் காசு செலவில்லை.

பம்பு வரும் அட்டைப்பெட்டிமேல் "5 எச்.பி." என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒரு எச்.பி. 746 வாட். உண்மையான 5 எச்.பி. என்றால் 230 வோல்ட்டில் குறைந்தது 16 ஆம்பியர் இழுக்க வேண்டும். பம்பின் தகட்டில் ஆம்பியர் என்ன என்று படியுங்கள், குட்டு உடைந்துவிடும். அதே தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்கா போன்ற 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான சரக்கு. நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுழன்று சூடேறும். அப்படியிருந்தால் மட்டும் பம்பை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

மின்சேமிப்புப் பெட்டி சுத்த ஏமாற்று. உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும். தொழிற்சாலைகளுக்குக் கெப்பாசிட்டரால் பயன் உண்டு. உங்கள் வீட்டு பில் யூனிட்டுக்கு மட்டுமே, அந்தப் பெட்டி யூனிட்டைக் குறைக்காது. ஹீட்டருக்கோ அது எந்த வகையிலும் தேவையில்லை. கீசருக்கு நட்சத்திர முத்திரையைக் கட்டாயமாக்கிய நாட்டில் இந்தப் பெட்டி கடைவீதியில் தாராளமாக விற்கிறது, கேட்பாரில்லை.

பில் ஏன் இப்படிப் பாய்ந்தது என்பதற்குப் படிநிலைக் கட்டணமே காரணம். 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான மலிவு விலை போய்விடுகிறது. 1,000-ஐத் தாண்டினால் யூனிட்டுக்குப் பதினொரு ரூபாய்க்கு மேல். ஆகவே குறைக்கிற யூனிட் எல்லாம் முதலில் இந்த மேல்தட்டு விலையிலிருந்தே குறையும். நான் சொன்னபடி செய்தால் 900 யூனிட்டுக்குள் அடங்கும், பில் பாதிக்கும் கீழே இறங்கும். இரண்டு மாதம் கழித்துத் தாளைக் கையில் கொடுத்தால் மக்கள் எப்படித் திருத்திக்கொள்வார்கள்? மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதியைக் கேட்டபோது, ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றார்கள். நீங்கள் காத்திராமல் இன்றிரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். சூட்டைக் குறைத்த பிறகு மறுபடி எழுதிப் பாருங்கள்.

கடைசியாக, தொட்டிக்கான தனி லைனில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். பழைய கீசர் பாயிண்டிலிருந்து ஒயர் இழுத்திருந்தால், அதைச் சரிசெய்யும்வரை யாரும் இறங்க வேண்டாம்.