வீட்டு அழுத்தத்தை யார் அளக்கிறது?

வணக்கம் அம்மா,

உங்கள் மகளுக்கு உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவையும் மருத்துவபீட வெட்டுப்புள்ளி எட்டவில்லை. மூன்றாம் தடவையும் எடுக்கட்டும் என்கிறீர்கள், அவள் வாய் திறக்கிறாள் இல்லை. "நாங்கள் ஒருநாளும் பிள்ளையை நெருக்கினதில்லை. அழுத்தம் இருக்கோ இல்லையோ என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள்.

அளக்கலாம். அளவுகோல் அவளுடைய கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வாழும் ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, ரிச்சர்ட் லீ என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2000 ஆம் ஆண்டில் பத்து விடயங்கள் கொண்ட ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிடுவது, குடும்பத்துக்காகச் சொந்த விருப்பத்தை விடச் சொல்வது என்று வீட்டில் வழமையாக வரும் முரண்பாடுகள்தான் அவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விதமாகப் புள்ளி போட வேண்டும்: எவ்வளவு தூரம் நடக்கிறது, நடந்தால் எவ்வளவு பாரதூரமானது. இரண்டையும் பிரித்துக் கேட்டது நல்ல வேலை. நாள் முழுக்க "படி, படி" என்கிற அம்மாவைப் பல பிள்ளைகள் காதில் போடுவதே இல்லை. கனடாவிலிருந்து மாமா எப்போதாவது எடுத்து "கம்பஸ் கிடைச்சுதோ?" என்று கேட்டால், அன்றிரவு நித்திரை போய்விடும்.

தாய்வானில் பல்கலைக்கழக மாணவர்களிடம் வாங், ஹெப்னர் என்ற இருவர் செய்து 2002 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. பெற்றோர் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை, அதை நான் எவ்வளவு நிறைவேற்றுகிறேன் என்று இன்னொரு தடவை கேட்டார்கள். எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிது என்பதைவிட, 'நான் நிறைவேற்றவில்லை' என்ற எண்ணமே மன உளைச்சலோடு கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தது. அதனால் "நாங்கள் சும்மா ஆசைப்பட்டதுதானே" என்பது பதிலாகாது.

இவற்றை அப்படியே யாழ்ப்பாணத்தில் போடவும் முடியாது. அமெரிக்காவில் அந்தப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் இரண்டு நாட்டுப் பழக்கவழக்கங்கள் நிற்கின்றன. இங்கே நிற்பது வேறு. 1970களில், பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்த தரப்படுத்தல் வந்தது, பிறகு யுத்தம். வீடு போகலாம், காணி போகலாம், படிப்பை யாரும் பறிக்க ஏலாது என்று உங்கள் தாய்தகப்பன் சொன்னது பட்டுத் தெரிந்த பயம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாரம் முழுவதையும் தான் ஒருத்திதான் இறக்கி வைக்க வேண்டும் என்று உங்கள் மகள் நினைக்கிறாளா என்பதுதான் என் கேள்வி.

எனவே கேள்விகள் நம்முடையவையாக இருக்கட்டும். ரியூசனுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற காசு, அக்காவின் சீதனம், பக்கத்து வீட்டில் டொக்டராகிய பிள்ளை, நல்லூர்த் திருவிழாவில் விசாரிக்கிற சொந்தக்காரர். எழுதிக் கொடுங்கள். எத்தனை தடவை என்பதற்கும் எவ்வளவு நோகிறது என்பதற்கும் அவள் 1 முதல் 5 வரை போடட்டும். நீங்கள் வேறொரு தாளில், அவள் என்ன போடுவாள் என்று ஊகித்துப் போடுங்கள், தகப்பனும் அப்படியே. கூட்டுத்தொகை வேண்டாம், இது நோயைக் கண்டுபிடிக்கிற சோதனை இல்லை. தாள்கள் எங்கே கூடுதலாக விலகுகின்றனவோ அங்கிருந்து கதையுங்கள். "நான் எப்ப அப்படிச் சொன்னனான்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நித்திரையும் சாப்பாடும் குறைந்து, இருந்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரிப் பேசினால் தாளை விடுங்கள். உடனே போதனா வைத்தியசாலை உளமருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

மூன்றாம் தடவைதான் கடைசி, அதை எடுப்பதா என்று அவள் சொல்லட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம், விவசாயம் எல்லாம் உயிரியல் பிள்ளைகளுக்கு உண்டு. இருக்கிற இசட் புள்ளிக்கு (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) எது சரிவரும் என்று பார்ப்போம். வரும்போது பெறுபேற்றுத் தாளையும் கொண்டு வாருங்கள். முதலில் நான் மகளோடு தனியாகக் கதைக்கிறேன்.